குட்டி ஜப்பானுக்கு ஒரு சிறு கப்பல்

ஜப்பானைப் பார்க்கப் பெரிய கப்பலில் போகிறவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்று இப்போது ஆகிவிட்டது. இரண்டாயிரம் மூவாயிரம் பேரை அடைத்துக்கொண்டு பெரிய துறைமுகங்களில் மட்டும் நிற்கிற அந்த மிதக்கும் ஓட்டல்களில் காசுள்ள எவரும் ஏறிவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் நூறு இருநூறு பேர் மட்டும் போகிற சிறு கப்பலில் இடம் பிடிக்கிறார்கள். அதுதான் சேட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போகும். மியாஜிமாவில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சிவப்புத் தோரண வாயிலைப் பக்கத்தில் போய்க் காட்டும். கப்பலுக்குள்ளேயே பேராசிரியர் ஒருவர் இருப்பார். காலையில் தேநீர்ச் சடங்கைப் பற்றியும், சாயங்காலம் ஜென் தோட்டத்துக் கூழாங்கல்லைப் பற்றியும் பேசுவார். கேட்பவர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பது நாகரிகமல்ல.

இவர்களை நினைத்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது. இவ்வளவு செலவழித்து, இவ்வளவு தூரம் போய், கடைசியில் பார்ப்பது அசல் ஜப்பானைத்தானே! அதைவிடக் கச்சிதமாக ஒன்று விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வைத்தவர் நேரு என்பார்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் சொன்னார் என்று கேட்டு யாரும் அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொண்டதில்லை. எங்கள் பக்கம் கல்யாண மண்டபத் திறப்பு விழாவானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும் பேச்சாளரின் இரண்டாவது வாக்கியத்தில் குட்டி ஜப்பான் வந்துவிடும். முதல் வாக்கியத்தை மேடையில் இருப்பவர்களின் பெயர்கள் எடுத்துக்கொள்ளும். இப்பேர்ப்பட்ட பட்டம் கிடைத்த ஊருக்கு வேறு எதுவும் கிடைக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவை அதற்குப் பிறகு வந்த எந்த அரசும் மாற்றவில்லை.

பட்டம் வெறும் வாய்வார்த்தையும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியா பற்றவைத்த தீக்குச்சியில் பெரும்பங்கு ஜப்பானுடையது. சிறு கப்பல் சுற்றி வருகிற அதே சேட்டோ கடலோரத்தில் இருக்கும் கோபே துறைமுகத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கோபேக்குப் பக்கத்திலுள்ள ஹிமேஜியில் அந்தத் தொழில் இன்னும் மிச்சமிருக்கிறது. 1922இல் வெள்ளைக்கார அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை ஏற்றியது. அந்தச் சமயத்தில்தான் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பெய்யாதது விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சிக்கு வரம். விளைச்சல் பொய்த்த கரிசல் காட்டுக் கைகள் மலிவாகக் கிடைத்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாசும் வேர்விட்டது. இன்று இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் ஏறக்குறைய 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் செய்ததுதான். பஞ்சம் பிடித்த ஒரு சீமை நாடு முழுவதற்கும் காலண்டரும் பட்டாசும் கொடுக்கிற அளவுக்கு எழுந்து நின்றது சாதாரண காரியமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் வாசகர்கள் நேராகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஜப்பானியப் பண்பாட்டுச் சுற்றுலாவை நடத்துகிறவர்களுக்கு என் யோசனை: ஒருமுறை கப்பலைத் தூத்துக்குடிப் பக்கம் திருப்புங்கள். வைப்பாறு அந்த மாவட்டத்தில்தான் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. முகத்துவாரத்தில் நுழைந்து ஆற்றோடு ஏறினால் சாத்தூர். இன்னும் மேலே போனால் வெம்பக்கோட்டை. கப்பல் போக ஆற்றில் தண்ணீர் வேண்டும் என்பது ஒன்றுதான் இடைஞ்சல். மணலும் சீமைக்கருவேலமும் தாராளமாக இருக்கின்றன, தண்ணீருக்குத்தான் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். அதுவும் நிச்சயமில்லை.

பரவாயில்லை, வேன் இருக்கிறது. சிறு கப்பலின் பெருமை என்ன? பெரிய கப்பல் நுழைய முடியாத சிறு துறைகளுக்குள் அது போகும். பட்டாசு ஆலை வேனும் அப்படித்தான். அரசுப் பேருந்து எட்டிப் பார்க்காத பட்டிகளுக்கெல்லாம் விடிந்தும் விடியாமலும் போய் நிற்கும். ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, வெற்றிலையூரணி என்று ஒவ்வொரு ஊர் முக்கிலும் தூக்குச்சட்டியோடு பெண்கள் நிற்பார்கள். சிறு கப்பலில் ஒரு பயணிக்கு ஒரு அறை. வேனில் ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் என்பது அன்றைய ஆர்டரைப் பொறுத்தது.

“யக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

“எங்கிட்டுத்தா தள்ள? இனி சன்னல் வழியாத்தான் தள்ளணும்.”

பேராசிரியர் இந்த இடத்தில் ஜப்பானியரின் இடச் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம். ஆறு பாய் விரிக்கிற அறையில் ஒரு குடும்பமே வாழும் கலையை அவர்கள் நூற்றாண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். நம் பெண்கள் அதை வேனிலேயே பழகிவிட்டார்கள்.

ஆலையில் இறங்கியதும் முதலில் காட்ட வேண்டியது சரம் பின்னும் இடம். ஒரு பெண் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இடது பக்கம் சின்னச் சின்ன வெடிகள் குவிந்திருக்கும். இரண்டு இரண்டாக எடுத்துத் திரியை ஒன்றோடொன்று முறுக்கி, மல்லிகைப்பூ கட்டுகிற மாதிரி, பார்க்காமலேயே பின்னிக்கொண்டு போவார். கண் எதிரே சுவரில் இருக்கும், காது பக்கத்துப் பெண்ணின் வீட்டுக் கதையில் இருக்கும், விரல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஜப்பானில் இதற்குப் பள்ளிகள் உண்டு; பூவை ஜாடியில் வைக்கும் கலையை முப்பது வருடம் கற்றுக்கொள்கிறார்கள், குரு பட்டம் தருகிறார். இங்கே குரு கிடையாது, பட்டமும் கிடையாது, பீஸ் ரேட் உண்டு. இன்னொரு விசேஷம்: சரவெடி செய்யவும் விற்கவும் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘தடை செய்யப்பட்ட சரவெடிகள் பறிமுதல்’ என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அரசாங்கமே தடுத்தும் அழியாத கைவினை இது. பாரம்பரியம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அடுத்த கூடத்தில் பேன்சி ரகம். வானத்தில் போய் வெள்ளி மழையாகப் பொழிகிறதே, அந்த வெள்ளி இங்கே இவர்கள் கையில் இருக்கிறது. அலுமினியத் தூள். முழங்கை வரை ஏறி, நகக்கண்ணில் புகுந்து, முகத்தில் வேர்வை வழிந்த தடம் தவிர மீதியெல்லாம் பளபளவென்று படிந்திருக்கும். சோப்புப் போட்டால் போகாது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும். மீதி மத்தியானச் சோற்றோடு உள்ளே போகும். ஜப்பானில் உடைந்த பீங்கான் கிண்ணத்தின் விரிசலில் தங்கத் தூளை இழைத்து ஒட்டுகிற கலைக்குக் கின்ட்சுகி என்று பெயர்; சிறு கப்பல் பயணிகள் அதைப் பார்த்து உருகிப்போவார்கள். கிண்ணத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால், முழு மனுஷியையே வெள்ளி பூசி அனுப்புகிற ஊரை எப்படிப் போற்றுவது?

தேநீர்ச் சடங்குக்கு வருகிறேன். ஜப்பானில் அதற்கு ஒரு தேநீரைக் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போலப் பத்து மடங்கு ஆகும். எந்தக் காலை முதலில் வைப்பது, கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கெல்லாம் விதி உண்டு. நம்மிடம் மருந்துக் கலவை அறைக்கு அதைவிட நுணுக்கமான விதிகள் இருக்கின்றன. வெறுங்காலோடு போக வேண்டும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டு நுழைய வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே இத்தனை பேர்தான், கையில் இத்தனை கிலோ மருந்துதான். வெயில் ஏறுவதற்குள் கலவை முடிந்துவிட வேண்டும். கலந்த மருந்து மறுநாளைக்கு மிஞ்சக் கூடாது. படித்துப் பார்த்தால் உலகத்தில் இவ்வளவு பாதுகாப்பான தொழில் வேறு கிடையாது என்று தோன்றும். எழுதியவர்கள் மகா புத்திசாலிகள். வேதியியல் தெரிந்தவர்கள். புரட்டாசி பிறந்து வடக்கத்தி வியாபாரி லாரியோடு வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தை ஆலைக்காரர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்: அறை போதாவிட்டால் மரத்தடி இருக்கிறது.

உரிமங்களும் அப்படியே அழகு. மாவட்ட வருவாய் அலுவலர் தருவது சிறியது. அதற்கு மேல் சென்னை உரிமம். அதற்கும் மேல் நாக்பூர் உரிமம், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் தருவது. எங்கள் பக்கம் ஒரு ஆலையைப் பற்றிப் பேசும்போது ‘அது நாக்பூர்’ என்று சொன்னால் குரலில் தானாகவே ஒரு மரியாதை வரும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துகிறவர் குத்தகைக்கு எடுத்த இன்னொருவராக இருப்பார். அவர் அறை அறையாகப் பிரித்து வேறு நாலு பேருக்கு உள்குத்தகை விட்டிருப்பார். அவர்களுக்குக் கீழே ஆள் கொண்டுவருகிற கான்ட்ராக்டர். ஜப்பானில் நோ நாடகம் என்று ஒன்று உண்டு. நடிகர் மரத்தால் செய்த முகமூடி போட்டுக்கொண்டு, அசைந்தும் அசையாமலும், யார் உள்ளே இருக்கிறார் என்றே தெரியாதபடி நடிப்பார். அறுநூறு ஆண்டுக் கலை. ஆனால் அதில் ஒருவருக்கு ஒரு முகமூடிதான்.

இனி இந்தச் சுற்றுலாவின் சிகரம். ஜப்பானில் ஈசே என்ற ஊரில் பெருங்கோயில் ஒன்று இருக்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதை அடியோடு கழற்றிவிட்டு, பக்கத்து மனையில் அதே அளவில், அதே மரத்தில், அதே முறையில் புதிதாகக் கட்டுவார்கள். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இப்படி நடக்கிறது. கடைசியாக 2013இல் கட்டினார்கள், அடுத்தது 2033. உலகத்துக் கட்டடக் கலைஞர்கள் எல்லாம் அதிசயிக்கிறார்கள்: பொருள் அழிகிறது, முறை அழிவதில்லை!

குட்டி ஜப்பானுக்கு 20 ஆண்டு பொறுமை கிடையாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கு மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, அதே வருடம் மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. நடுவில் ஒருவர் இருவர் போன சின்னச் சின்னவற்றை விட்டுவிட்டேன். அவை உள்ளூர்ப் பதிப்பில் மூன்றாம் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அறைகள் தரைமட்டமாகும். ஆய்வு நடக்கும். உரிமம் தற்காலிகமாக ரத்தாகும். பிறகு அதே மனையில், அதே அளவில், அதே முறையில் மறுபடி எழும். ஈசேயில் தச்சர்கள் மாறினாலும் முறை மாறாது என்பார்கள். இங்கேயும் ஆட்கள்தான் மாறுகிறார்கள்.

முறை மாறாததற்குப் பத்திரிகைச் செய்தியே சாட்சி. நாற்பது வருடமாக ஒரே வாக்கியம்: ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து நிகழ்ந்ததாகத் தெரிகிறது.’ ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். உராய்வு என்கிற இந்த ஆசாமியைப் போல எங்கள் மாவட்டத்தில் செல்வாக்குள்ளவர் வேறு யாருமில்லை. இத்தனை பேரைக் கொன்றும் இதுவரை ஒரு வழக்கில்கூட அவர் கைதாகவில்லை. முன்ஜாமீன் கேட்டதும் இல்லை. நெருக்கடியான அறை, வரம்புக்கு மீறி இறக்கிய மருந்து, மரத்தடி, உள்குத்தகை என்று கூட்டாளிகள் எத்தனை பேர் இருந்தாலும் பழியைத் தான் ஒருவனே ஏற்றுக்கொள்கிற பெருந்தன்மையை உராய்விடம்தான் கற்க வேண்டும்.

ஜப்பானியர்களுக்கு வாணவேடிக்கை என்றால் உயிர். தோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் நடக்கும் வேடிக்கை 1733இல் தொடங்கியது என்பது அவர்கள் வழக்கு. அதற்கு முந்தின வருடம் பஞ்சத்திலும் நோயிலும் செத்தவர்களின் நினைவாகச் செய்தார்களாம். கூரை வேய்ந்த படகுகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். சிறு கப்பல் என்ற எண்ணமே அங்கிருந்துதான் பிறந்ததோ என்னவோ. நாகஓகா என்ற ஊரில் 1945 ஆகஸ்ட் 1 இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. இன்றும் அதே இரவில், அதே நேரத்தில் வெள்ளை வாணம் மட்டும் விடுகிறார்கள். வேறு நிறம் கிடையாது. செத்துப்போனவர்களுக்காக.

பார்த்தீர்களா, அசலுக்கும் குட்டிக்கும் இங்கேதான் ஒரு சின்ன வித்தியாசம். அவர்கள் செத்தவர்களுக்காக வாணம் விடுகிறார்கள். நாம் வாணத்துக்காக, சரி, விடுங்கள். பயணிகளின் காதில் இதைப் போட வேண்டாம்.

முதலிப்பட்டியில் அன்றைக்கு உயிரிழந்தவர்களில் ஆலையில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். முதல் சத்தம் கேட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இழுத்துப்போட ஓடினவர்கள், என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போனவர்கள். சுமிதா ஆற்றில் படகுக் கட்டணம் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கிற இடத்தை விடக் கிட்டத்தில் அவர்கள் நின்றார்கள். சத்தம் கேட்டால் ஓடக் கூடாது என்று இந்தப் பட்டிகளில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. உள்ளே இருப்பது அக்காவாக இருக்கும், மதினியாக இருக்கும். இது ஒரு பாதுகாப்புக் குறைபாடு என்று பின்னால் வந்த ஆலோசனைக் கூட்டங்களில் பேசியிருப்பார்கள்.

சுமிதா வேடிக்கையில் இன்னொரு வழக்கம் உண்டு. வாணம் விரிந்ததும் கூட்டம் ‘தாமாயா!’ என்றும் ‘காகியா!’ என்றும் கத்தும். இரண்டும் அந்தக் காலத்து வாணம் செய்த கடைகளின் பெயர்கள். இதில் தாமாயாவின் கதையை மட்டும் நம் ஆலைக்காரர்களிடம் சொல்லிவிடக் கூடாது. 1843இல் அந்தக் கடையில் தீப்பிடித்து அக்கம்பக்கத்துத் தெருவுக்குப் பரவியது. அரசாங்கம் கடைக்காரனை நகரத்தை விட்டே விரட்டிவிட்டது. ஒரே ஒரு தீ! அதற்குள் கடை போய், ஊர் போய், பெயர் மட்டும் கூட்டத்தின் வாயில் மிச்சம். என்ன அநாகரிகமான காலம்! உராய்வு என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க அங்கே ஆளில்லை.

பண்பாட்டுச் சுற்றுலா என்றால் அருங்காட்சியகம் இல்லாமல் முடியாது. அதற்கும் குறைவில்லை. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022இல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சுடுமண் பொம்மை, சூதுபவள மணி, பகடைக்காய் எல்லாம் கிடைத்திருக்கின்றன. சங்கு வளையல் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கடலிலிருந்து சங்கைக் கொண்டுவந்து அறுத்து வளையல் செய்த பட்டறை இங்கே இருந்தது என்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. அங்கிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் வேறு இடங்களிலும் வளையல் கிடைக்கும், தோண்டவே வேண்டாம். அதற்கு எண் போடுகிறவர்கள் வேறு இலாகா. இரண்டாயிரம் வருடம் கழித்து வருகிற தொல்லியல்காரர்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள் போலும்.

ஹாஷிமா என்ற தீவையும் சிறு கப்பல்கள் நாகசாகியிலிருந்து காட்டுவதுண்டு. கடலுக்கடியில் நிலக்கரி வெட்டி, 1974இல் மூடிப் பாழாய்ப்போன தீவு. 2015இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினார்கள். உடனே தகராறு. அங்கே கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளிகளின் கதையை ஜப்பான் முழுதாகச் சொல்லவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழுவே குறைபட்டுக்கொண்டது. நமக்கு அந்தத் தலைவலி வராது. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தானே பிற்பாடு மறைத்தார்கள் என்ற பேச்சு வரும்? கான்ட்ராக்டர் மூலம் அன்றாடம் வந்தவர், இன்று மட்டும் அம்மாவுக்குப் பதிலாக வந்தவர் என்று இருந்துவிட்டால் வெடித்த பிறகுதான் கணக்கே தொடங்கும். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதை ஊர் ஊராகப் போய், யார் வீட்டில் யார் திரும்பி வரவில்லை என்று விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், முன்னேற்றமும் உண்டு. ஒரு காலத்தில் பட்டாசு, தீப்பெட்டி என்றாலே பிள்ளைகள் கை என்று இருந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்று ஆலைக்குள் அந்தப் பழைய காட்சி இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், பொறியியல் கல்லூரி வரை போகிறார்கள். கட்டணத்துக்கு அம்மா ஆலையில் முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் வாங்கினவர் அடுத்த தீபாவளி வரை வேறு ஆலைக்குப் போக முடியாது; அறை நெருக்கடியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. முதலாளி–தொழிலாளி உறவு ஆயுள் முழுக்க நீடிக்க வேண்டும் என்பது ஜப்பானியக் கம்பெனிகளின் தத்துவம் என்று நிர்வாகவியல் புத்தகங்களில் படித்திருக்கிறேன்.

வாங்குகிற நகரத்து மக்களைப் பாராட்டாமல் விட்டால் கை வலிக்கும். அவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வந்துவிட்டது. நீதிமன்றம் பேரியத்தைத் தடுத்தது, பசுமைப் பட்டாசு வந்தது, பெட்டியில் க்யூஆர் கோடு வந்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரமும் குறித்தாயிற்று. டெல்லியின் நுரையீரலுக்காக எத்தனை வழக்கறிஞர்கள், எத்தனை நாள் வாதம்! புகையின் அளவைக் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்தக் கருவியை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒருநாள் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததற்குத் தூரம்தான் காரணமாக இருக்கும். பசுமைப் பட்டாசு செய்கிற கை என்ன நிறம் என்று கேட்டால், பழைய வெள்ளிதான்.

அனுதாபம் தெரிவிப்பதிலும் ஜப்பானிய ஒழுங்கு வந்துவிட்டது. அச்சங்குளத்தின்போது அன்று மாலைக்குள் பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம், முதல்வர் நிதியிலிருந்து 3 லட்சம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. எந்தத் தொலைக்காட்சியும் பிந்தவில்லை. அமைச்சர் வருவார், மாவட்ட ஆட்சியர் வருவார், அரசு மருத்துவமனை வாசலில் கட்சிக் கரை வேட்டிகள் வரிசையாக நிற்கும். ஜப்பானியர்கள் குனிந்து வணங்குவதில் பதினைந்து பாகை, முப்பது பாகை, நாற்பத்தைந்து பாகை என்று தரம் வைத்திருக்கிறார்கள். தவறு பெரிதானால் குனிவும் ஆழமாகும். நம்மவர்கள் குனிவதில்லை, தவறு யாருடையது என்று தெரிந்தால்தானே குனிய முடியும்?

அதுவும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது என்பதுதான் குட்டி ஜப்பானின் நிர்வாகத் திறமை. உரிமதாரர் தலைமறைவு. குத்தகைதாரர் தலைமறைவு, தனிப்படை தேடுகிறது. உள்குத்தகைதாரர்கள் யார் யார் என்று விசாரணை நடக்கிறது. கிடைத்தவர் ஒருவர்தான்: போர்மேன். மாதச் சம்பளக்காரர், பக்கத்து ஊர், சில சமயம் இறந்தவர்களில் அவருக்குச் சொந்தக்காரரும் இருப்பார். ஓடத் தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். “போர்மேன் அண்ணே, என்னண்ணே செய்வம்?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் தெளிவாக, தகப்பனார் பெயரோடு, சரியான முகவரியோடு இருக்கும். அந்தக் காகிதத்தில் சரியாக இருக்கிற முகவரி பெரும்பாலும் அது ஒன்றுதான். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். புரட்டாசிக்குள் ஜாமீன் கிடைத்துவிடும். வடநாட்டு ஆர்டர் அப்படியே நிற்கிறது, அவரை விட்டால் மருந்து அளவு தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?